முழு மை

"இதுல மை நிரப்பணும்," என்றார் வாசலில் நின்றவர்.

அவர் நீட்டிய உள்ளங்கையில் ஒரு கறுப்பு டப்பா இருந்தது. பிரிண்டரில் போடும் கார்ட்ரிட்ஜ். அவர் தலை இடது தோள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவள் கார்ட்ரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தன் அறையைத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட உயரமான கட்டில். அலமாரியில் மடித்த துண்டுகள், எண்ணெய்ப் புட்டிகள். மூலையில் மங்கலாக எரியும் சின்ன விளக்கு. மைக்கும் இந்த அறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இங்க மையெல்லாம் நிரப்பறதில்லைங்க."

"போர்டு வெச்சிருக்கீங்களே."

அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். காலையில் இருந்த பதற்றத்தில் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போயிருந்தாள். இப்போதுதான் பார்க்கிறாள்.

'முழு' என்று ஒரு பக்கம் இருந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடைவெளி. அதன் பிறகு 'மை'. அடியில் 'நல மையம்'. ஓரத்தில் ஓர் இலை வரையச் சொல்லியிருந்தாள். அங்கே இருந்தது இலை இல்லை. சொட்டு. கன்னங்கரேலென்று.

அவள் தொடங்கியிருந்தது முழுமை நல மையம். உடம்பு, மூச்சு, மனசு என்று பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் சேர்த்துக் கவனிக்கும் சிகிச்சை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் இரண்டு வருடம் படித்தாள். கூடத்தில் அவளுக்கு 'ஊசி மேடம்' என்று பெயர். குத்தியதே தெரியாது என்பார்கள். வகுப்பிலும் பயிற்சிக்குப் படுக்கிறவர்கள் அவள் கையைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

சான்றிதழ் கிடைத்த பிறகு வந்த முதல் ஆள் ஒரு பெண். தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள், அழுதாள், ஒற்றைச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்றதை எடுக்க வரவே இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சான்றிதழ் பீரோவுக்குள் போனது. ஒற்றைச் செருப்பும் அதோடு போனது.

ஒரு வருடம் கழித்து இரண்டையும் வெளியே எடுத்தது நாத்தனார். தையற்காரி. முன்னறையில் இருந்த தன் தையல் மெஷினை உள்ளறைக்குத் தள்ளி, நடுவில் ஒரு திரையைப் போட்டு, "அண்ணி, இந்த ரூம் உங்களுக்கு. செருப்பை மட்டும் தூக்கிப் போட்டுடறேன்," என்றாள்.

பரிசோதனைக் கூடத்து மேனேஜர், மாசக் கடைசி வரை அவள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவளும் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒரே ஒருவர், ஒரு தடவை வந்தவர், தானாக மறுபடி வந்தால் போதும். தன் கை நல்ல கை என்று நம்பிவிடலாம். அப்படி யாரும் வராவிட்டால் ஊசிக்கே திரும்பிவிடுவது.

முதல் நாள் முதல் ஆள், கையில் கார்ட்ரிட்ஜோடு நிற்கிறார்.

அவள் ஓரமாகப் போய் போர்டு எழுதிய பெயின்டருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, முழுமைன்னு சேர்த்து எழுதணும்."

"நீங்க சேர்த்துச் சொல்லலையேம்மா."

"என்னது?"

"'முழு'ன்னீங்க. அப்புறம் சத்தத்தையே காணோம். லைன் கட்டாயிடுச்சோன்னு நான் போனை எடுத்துக்கூடப் பாத்தேன். அப்புறமா 'மை'ன்னீங்க. நான் கேட்டபடிதான் எழுதினேன். இடைவெளி அளவுகூட மாறல."

அவளுக்கு நினைவு வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது உண்மைதான்.

"சரி, இலை?"

"இங்க் கடைக்கு எதுக்கும்மா இலை? ஏதோ தெரியாம சொல்றீங்கன்னு நானே மாத்திட்டேன். அதுக்குத் தனியா எதுவும் கேக்க மாட்டேன்."

அவள் வாசலுக்குத் திரும்பி வந்தாள். தலை சாய்ந்தவர் நகரவில்லை.

"நான் எதிர் ஆபீஸ்ல கணக்காளர்ங்க. நாளைக்குக் கணக்கு ஒப்படைக்கணும். இந்தப் பக்கத்துல இங்க் கடையே கிடையாது. உங்க போர்டைப் பாத்ததும்தான் உயிரே வந்துச்சு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திரைக்குப் பின்னால் தையல் மெஷின் நின்றது. நாத்தனாருக்கு வேண்டிய பேச்சு என்றால் மெஷின் நின்றுவிடும்.

"இருங்க சார், ரெடி பண்ணிடலாம்," என்று கழுத்தில் அளவு நாடாவோடு நாத்தனார் வெளியே வந்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நான் பெரிய கடைத்தெரு வரைக்கும் போய் மை வாங்கிட்டு வந்துடறேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது," என்று அவள் நாத்தனார் காதருகே சொன்னாள்.

"ஊசியால குத்தி உள்ள விடணும், அவ்வளவுதானே. ஊசி உங்களுக்குப் புதுசா அண்ணி?"

புதுசு இல்லை. நாத்தனார் வாங்கி வந்த புட்டியின் மேல் இருந்த குறிப்பை அவள் இரண்டு தடவை படித்தாள். கையுறை மாட்டினாள். கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டிய தாளைத் தூக்கினாள். துளை தெரிந்தது. நரம்பைத் தேடுவதைவிட இது எளிது; இது பயந்து சுருங்காது. ஒரு சொட்டு சிந்தாமல் மை உள்ளே போனது. ஊசியை எடுத்தவள் பழக்க தோஷத்தில் பஞ்சை வைத்து, "கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுக்குங்க," என்றாள்.

கணக்காளர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கார்ட்ரிட்ஜின் மூலையில் பல் பதிந்த தழும்பு இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைக் கவனித்து அவர் நெளிந்தார். "கணக்கு ஒத்து வரலைன்னா கையில கிடைச்சதைக் கடிச்சிடுவேன்."

மை உள்ளே படிய அரை மணி நேரம் ஆகும் என்று புட்டியில் போட்டிருந்தது. உட்கார அந்த அறையில் நாற்காலி கிடையாது. கட்டில்தான் இருந்தது. அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"கழுத்து எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

"சாய்ஞ்சு."

"சாய்ஞ்சா இருக்கு?" கணக்காளர் யோசித்தார். "எங்க வீட்டுல எல்லாரும் ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கறாங்கன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வலிக்கு ஒருதடவை போனேன். எலும்புல ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே இருக்காதீங்கன்னார். அது இல்லாம சோறு எப்படிங்க?"

அவள் அவரைப் படுக்கச் சொன்னாள். கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கல் மாதிரி இருந்தது. "மூச்சை விடுங்க. எண்ண வேண்டாம். சும்மா விடுங்க. கணக்கு எங்கேயும் போயிடாது." அவள் கை, அவர் தலை தன் கனத்தை முழுதாக அதில் வைக்கும்வரை காத்திருந்தது. இப்படிக் காத்திருப்பதில் அவளுக்கு இணை கிடையாது. வெகுநேரம் கழித்து அந்தத் தலை கனத்தது. குறட்டை வந்தது.

எழுந்தபோது அவர் தலை நேராக இருந்தது. அவருக்கு அது பழக்கமில்லை. இத்தனை நாளும் சாய்ந்தே வாசலைக் கடந்தவர், போகும்போது நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஆனாலும் சிரித்தார்.

"நாளைக்கு நாலு பேரை அனுப்பறேன்," என்றார்.

"எதுக்கு?" என்றாள் அவள் பயத்தோடு.

அதற்குள் அவர் தெருவைக் கடந்துவிட்டார்.

மறுநாள் காலை பெயின்டர் ஏணியோடு வந்தார். மொத்தத்தையும் அழித்து எழுத அவருக்கு மனசு வரவில்லை. "நடுவுல இருக்கற இடத்துல உங்க இலையைப் போட்டுடறேன். ரெண்டும் சேர்ந்துடும்," என்றார். போட்டார். பச்சை இலை. காம்பு மேலே, நுனி கீழே. பழைய சொட்டு போட்ட கை அது. இலையும் சொட்டு மாதிரியே வந்தது. கறுப்புச் சொட்டு ஒன்று, பச்சைச் சொட்டு ஒன்று.

ஏணியை மடிக்கும் முன்பே ஒரு கூரியர்காரர் பைக்கை நிறுத்தினார். "கலர் மையும் உண்டுங்களா?"

நாத்தனார் கலர் மையும் வாங்கி வந்தாள்.

அன்று மத்தியானம் மாடியில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இறங்கி வந்தார். கையில் ஒரு கார்ட்ரிட்ஜ். நாளெல்லாம் பழகாத ஆள் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிப்பது அவர் தொழில். வலது தொடை இரும்பாகியிருந்தது. நின்றாலும் மிதித்தார். பேசும்போதும் நடுநடுவே தரையை மிதித்தார்.

"படியட்டும்னு சொல்வீங்களாமே," என்றார்.

"அரை மணி நேரம்."

"அதுவரைக்கும் நான் இங்க..." என்று கட்டிலைப் பார்த்தார்.

அவள் அவர் பாதத்தைப் பிடித்தபோது அது கையைத் தள்ளியது. "யாரும் குறுக்க வரல. வண்டி நின்னுடுச்சு. சாவியும் எடுத்தாச்சு," என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் கால், பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. தொடை இளகிய நேரத்தில் மாஸ்டரின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

அவள் கையை எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒற்றைச் செருப்புதான் நினைவுக்கு வந்தது.

"வலிக்குதா? நிறுத்திடட்டுமா?"

"இல்ல இல்ல. கண்ணுல மை பட்டுருச்சு."

மைப் புட்டி அறையின் இன்னொரு மூலையில் மூடி போட்டு இருந்தது. அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். இவரும் இனி வரமாட்டார் என்று நினைத்தாள்.

மறுநாள் அவர்தான் முதலில் வந்தார்.

அவள் அவசரமாகக் கட்டில் விரிப்பை நீவிவிட்டாள். மாஸ்டர் கார்ட்ரிட்ஜை நீட்டினார். "இது... அவ்வளவு சரியா வரலைங்க."

அவள் கையுறையை எடுத்தாள். மைக்காகத்தான் வந்திருக்கிறார்.

அதற்கடுத்த நாள் ஒரு டீச்சர் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "சும்மா... பாத்துட்டுப் போகலாம்னு," என்றாள். வெறுங்கையோடு வந்தவளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயத்தில், "கார்ட்ரிட்ஜ் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓ, அது வேணுமா?" என்று டீச்சர் அவசரமாகப் போனாள். தெருவைக் கடந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவளிடம் ஒன்று இருந்தது. மூலையில் பல் தழும்பு.

இவளுமா கடிக்கிறாள் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அன்று டீச்சருக்குத் தோளோடு தாடையையும் சேர்த்துத் தளர்த்திவிட்டாள். மறுநாள் கூரியர்காரர் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜிலும் அதே மூலையில் அதே தழும்பு. இந்தத் தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று முடிவு செய்து, வருகிற எல்லோருக்கும் தாடையைத் தளர்த்த ஆரம்பித்தாள்.

"எனக்கு முதுகுதாங்க," என்றார் கூரியர்காரர், வாயைத் திறந்தபடியே.

"அதுக்கும் வர்றேன். முதல்ல இதை விடுங்க. எவ்வளவு இறுக்கமா கடிச்சிருக்கீங்க பாருங்க."

எதைக் கடித்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் தாடை சுகமாக இருந்ததால் கேட்கவில்லை.

சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சரியாக வரவில்லை என்று டீச்சர் மறுபடி கொண்டுவந்த கார்ட்ரிட்ஜில் ஊசியை இறக்கியதும் மை பொங்கி மேலே வந்தது. அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. போன தடவை அவள் நிரப்பிய மை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. மாஸ்டர் கொண்டுவந்ததும் அப்படித்தான். கூரியர்காரர் கொண்டுவந்ததை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். முழு எடை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மை உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. எங்கேயோ அடைத்துவிட்டாள். இத்தனை பேரின் பிரிண்டரையும் கெடுத்துவிட்டாள். பாவம், நல்ல மனிதர்கள். சத்தம் போடாமல் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

"சரியா வரலைன்னீங்களே," என்று டீச்சரிடம் கேட்டாள். "எந்த இடத்துல?"

"இந்த... வலது தோள்பட்டைக்குக் கீழ."

"பேப்பர்ல கேட்டேன்."

டீச்சர் முகம் சிவந்தது. "பேப்பர்லயும்... அதே பக்கம்தான்."

சரி செய்ய ஊசியை மாற்றினாள். மெல்லிய ஊசி. கூட்டம் கூடியது. மையின் கம்பெனியை மாற்றினாள். இன்னும் கூடியது. 'மை சரியாக வராவிட்டால் உடனே தெரிவிக்கவும்' என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினாள். மறுநாள் காலையில் வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. சொல்ல வேண்டியதை யாரோ எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி.

மாசக் கடைசி அன்று மேனேஜர் போன் செய்தார்.

"என்ன ஊசி மேடம், வர்றீங்களா? இங்க ஒருத்தர் கையைக் காட்டவே மாட்டேங்கறார். உங்களைத்தான் கேக்கறார்."

"கொஞ்ச நேரத்துல சொல்றேன் சார்."

தையல் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. நாத்தனார் திரையை விலக்கினாள். "போறேன்னு சொல்லப் போறீங்களா?"

"வேற என்ன பண்ண?"

"வாசல்ல நிக்கற கூட்டத்தைப் பாருங்க அண்ணி. என் கடையில தீபாவளி... சரி விடுங்க, எந்த நாள்லயும் இப்படி ஒரு கூட்டம் நின்னதில்ல."

"மைக்கு வந்த கூட்டம் அது. அதுவும் என் மை சரியில்லைன்னு வந்த கூட்டம். எனக்காக ஒரு ஆள் வந்தாங்களா, சொல்லு. ஒரே ஒரு ஆள்."

"நீங்க கை வெச்சா தூங்கறாங்களே."

"மை படியற வரைக்கும் என்ன பண்ணுவாங்க, தூங்கத்தான் செய்வாங்க."

நாத்தனார் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். வெளியே போய் வரிசையில் நிற்பவர்களோடு சண்டை போடலாமா என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தது.

"செருப்பைத் தூக்கிப் போட்டேன். அதோட இதையும் போட்டிருக்கணும்," என்றாள் கடைசியில், அண்ணியின் நெற்றியைச் சுட்டிக்காட்டி.

அவள் முகம் கழுவிக்கொண்டாள். போகிறதென்றால் ஒழுங்காகப் போக வேண்டும். யாருடைய பொருளையும் கெடுத்துவிட்டு ஓடிவிட்டாள் என்ற பேர் வேண்டாம். வாழ்க்கையில் இதுவரை ஒரு வரிசையைப் பார்த்து அவள் பேசியதில்லை. வாசற்படியில் ஏறி நின்றாள். மாஸ்டர், டீச்சர், கூரியர்காரர், அவர்களுக்குப் பின்னால் பேர் தெரியாத முகங்கள். எல்லோர் கையிலும் ஒரு கறுப்பு டப்பா.

"ஒரு விஷயம் சொல்லணும்." குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது இங்க் கடை இல்ல. போர்டுல இருக்கறது தப்பு. இது முழுமை நல மையம்."

சேர்த்தே சொன்னாள். நடுவில் ஓர் இலை அளவுகூட இடைவெளி விழவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை மனுஷங்களோட கழுத்து, தோள், முதுகு, மூச்சு. அது எனக்கு நல்லாத் தெரியும். மை தெரியாது. தெரியாத வேலையைச் செஞ்சது என் தப்பு. உங்க மை குறையவே இல்லைங்கறதை நான் பாத்துட்டேன். நீங்களா சொல்லல, அது உங்க பெரிய மனசு. அதனால எல்லாரும் அவங்கவங்க பிரிண்டரைத் தூக்கிட்டு வந்துடுங்க. ஆள் வெச்சு ஒவ்வொண்ணா சரி பண்ணிக் கொடுத்துட்டு, நாளையிலேருந்து நான் பழைய வேலைக்குப் போறேன்."

வரிசை அசையவில்லை. உள்ளே தையல் மெஷின் சத்தமும் இல்லை. கூரியர்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முகத்தை மறைத்தார். டீச்சர் தன் கையில் இருந்ததை மெதுவாகக் கைப்பைக்குள் நழுவவிட்டாள். பின்னால் நின்ற யாரோ, "நீங்க சொல்லுங்க மாஸ்டர்," என்று முதுகில் தள்ளினார்கள்.

டிரைவிங் மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். பல நாளைக்குப் பிறகு அவருடைய வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது.

"பிரிண்டருக்கு நாங்க எங்க மேடம் போவோம்? எங்க யார்கிட்டயும் பிரிண்டரே கிடையாது."